உள் அறைக்கு மட்டும் பனிமூட்டமா? – இரண்டாவது டிடிஎச் இணைப்பு குறித்துப் புகார்

அனுப்புநர்
உங்கள் சந்தாதாரர் (சந்தா எண் இணைத்துள்ள பில்லில் இருக்கிறது),
நாயுடுபுரம், கொடைக்கானல்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
நோடல் அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: டிவி பாயிண்ட் இல்லாத அறைக்குக் கொடுத்த இரண்டாவது இணைப்பை முறைப்படி மாற்றித் தரவும், வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் வீட்டு ஹாலில் உங்கள் டிடிஎச் பல வருடங்களாக ஓடுகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் போன ஐப்பசியில் உள் அறைக்கென்று எடுத்த இரண்டாவது இணைப்பில்தான்.

அந்த அறையில் இருப்பவர் என் அம்மா. எண்பதைத் தாண்டியவர், முட்டி வலியால் ஹாலுக்கு வந்து உட்கார முடியாது. வீடு பழைய கருங்கல் கட்டடம். கட்டிய காலத்தில் டிவி பாயிண்ட் என்று ஒன்றை யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். இதையெல்லாம் ஆர்டர் கொடுக்கும்போதே போனில் சொன்னேன். "பாயிண்ட் இல்லாட்டி என்ன சார், எங்க ஆள் வந்து எல்லாம் பண்ணிக் கொடுத்துடுவார்" என்றார்கள். நம்பி முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டினேன்.

வந்த தம்பி டிஷ் இருக்கும் பக்கமே போகவில்லை, ஏணி கொண்டுவரவில்லையாம். ஹால் செட்-டாப் பெட்டிக்குப் பின்னால் வரும் ஒயரை வெட்டினார், நடுவில் ஒரு சின்ன ஸ்பிளிட்டரைச் செருகினார், ஒரு முனையை ஹால் பெட்டிக்கும் இன்னொன்றை உள் அறைப் பெட்டிக்கும் கொடுத்தார். கல் சுவரில் துளை போட டிரில் பிட்டும் இல்லை. அதனால் ஒயர் ஹால் ஜன்னல் வழியாக வெளியே போய், அம்மா அறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. இரண்டு டிவியிலும் படம் வந்ததைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று ராத்திரி பேரன் ஹாலில் கிரிக்கெட் போட்ட நிமிடமே உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "டேய், படம் போயிருச்சுடா!" திரையில் 'சிக்னல் இல்லை'. அவன் வேறு சேனல் மாற்றியதும் படம் தானாக வந்தது. அன்று தொடங்கியது இன்றுவரை அப்படியேதான் நடக்கிறது.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எத்தனையோ முறை போன் செய்துவிட்டேன். ஒருவர் மழை என்றார், ஒருவர் பனிமூட்டம் என்றார், இன்னொருவர் "மலைப் பகுதியில் மரங்கள் அதிகம் சார்" என்றார். கொடைக்கானல் என்ற பெயரைக் கேட்டதுமே பதில் தயாராகிவிடுகிறது போலிருக்கிறது.

டிடிஎச் வரும் கு-பேண்ட் அலைவரிசையில் பலத்த மழை பெய்தால் சிக்னல் தேய்வது எனக்குத் தெரியாததல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஹால் டிவியும் கொஞ்ச நேரம் போகும். அதற்கெல்லாம் நான் உங்களைத் தொந்தரவு செய்ததில்லை. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே டிஷ், அதன் தலைக்கு மேல் இருப்பதும் ஒரே வானம். ஹாலில் படம் கண்ணாடி மாதிரித் தெரியும்போது உள் அறையில் மட்டும் போகிறது என்றால், பனிமூட்டம் எங்கள் அம்மா அறைக்கு மட்டும் தனியாக வருகிறதா? மரம் என்பதும் அப்படித்தான். மரம் மறைத்தால் இரண்டு டிவிக்கும் சேர்த்துத்தானே மறைக்கும்?

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்தவன் நான். அதனால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஹால் பெட்டியின் பவர் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். உள் அறையில் எல்லாச் சேனலும் வந்தன. திரும்பச் செருகி, ஹாலில் அதே கிரிக்கெட் சேனலைப் போட்டேன். அம்மா காலையில் பார்க்கும் பக்தி சேனல் உட்படப் பாதிச் சேனல்கள் காணாமல் போயின. உங்கள் ஆளே என் முன்னால் இதைச் செய்து பார்க்கட்டும், வேறு சாட்சி வேண்டாம்.

காரணம் எளிது. டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கி ஒயருக்குள் அனுப்பும் கருவிதான் எல்.என்.பி. செங்குத்தாக அதிரும் அலையையா, கிடைமட்டமாக அதிரும் அலையையா, எதைப் பிடிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது பெட்டிதான். 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து, 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்டம். ஒற்றை எல்.என்.பி. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியின் பேச்சைத்தான் கேட்கும். ஒரே ஒயரில் இரண்டு பெட்டியை மாட்டினால் 18 கேட்கிற பெட்டி ஜெயிக்கும், 13 கேட்கிற பெட்டி திரையில் 'சிக்னல் இல்லை' என்று போட்டுவிட்டு நிற்கும். பழைய கேபிள் டிவியில் எல்லாச் சேனலும் ஒரே ஒயரில் சேர்ந்து வரும், அங்கே ஸ்பிளிட்டர் போடலாம். டிடிஎச்சில் இரண்டு பெட்டி என்றால் இரட்டை எல்.என்.பி. வேண்டும், ஒவ்வொரு பெட்டிக்கும் டிஷ்ஷிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். இது உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தெரியாத விஷயமா?

இதில் எரிச்சல் என்னவென்றால், டிஷ் நிற்பது எங்கள் சமையல்கட்டுத் தளத்தின் மேல். அதற்கு அடுத்த அறைதான் அம்மாவுடையது. ஏணி வைத்து ஏறியிருந்தால் 8 மீட்டர் ஒயரில் வேலை முடிந்திருக்கும். வீட்டைச் சுற்றி இழுத்திருக்கவே வேண்டாம்.

அந்த ஒயரின் கதியையும் சொல்ல வேண்டும். ஜன்னல் கதவு அதன் மேல் மோதி மோதி, ஒயர் ஓர் இடத்தில் தட்டையாக நசுங்கிவிட்டது. ஜன்னல் முழுதாகச் சாத்துவதில்லை. மார்கழிக் குளிரில் அந்த இடுக்கில் அம்மாவின் பழைய சால்வையைத் திணித்துவைத்திருந்தோம். வெளிச்சுவரில் உங்கள் ஆள் போட்ட ஜாயிண்டில் ரப்பர் உறையும் இல்லை, டேப்பும் சுற்றவில்லை. போன வாரம் கழற்றிப் பார்த்தேன். உள்ளே நடுச் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது, விரலால் தொட்டால் பொடியாக ஒட்டியது. இந்த ஊர் ஈரத்தில் திறந்த ஜாயிண்ட் ஒரு பருவம் தாங்காது. மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதைக்கூடவா சொல்லிக்கொடுக்கவில்லை?

உங்கள் ஆட்கள் சொன்ன மாற்று யோசனைகள் தனி ரகம். "மொபைல் ஆப்பில் பார்க்கலாமே" என்றார் ஒரு பெண். ஒன்றரை அடிக் கல் சுவருக்குள் போன் சிக்னலே திணறுகிறது, அம்மாவுக்கோ ரிமோட்டில் மூன்று பட்டனுக்கு மேல் தெரியாது. இன்னொருவர், "உங்க ஊர்லயே டிவி டவர் இருக்கே சார், ஒரு டேபிள் ஆன்டெனா வாங்கி வச்சுக்குங்க" என்றார். சிரித்துவிட்டேன். ஒரு காலத்தில் மதுரை, தேனி, திண்டுக்கல் மொட்டை மாடிகளில் ஆன்டெனாக்கள் எல்லாம் கொடைக்கானலைப் பார்த்துத்தான் நின்றன. அவற்றுக்கு பூஸ்டர் விற்றுத்தான் நான் கடை நடத்தினேன். ஆனால் தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் சிலவற்றைத் தவிர மற்றவற்றை 2022-க்குள் நிறுத்திவிட்டது. அதை விடுங்கள். டேபிள் ஆன்டெனாவில் நான் சந்தா கட்டும் உங்கள் கட்டணச் சேனல்கள் வருமா? அந்த யோசனைக்கு மாதாமாதம் உங்களுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? இப்போதைக்கு அம்மா ரேடியோவில் கோடைப் பண்பலை கேட்டுக்கொண்டிருக்கிறார். அது 100.5-ல் ஒரு குறையும் இல்லாமல் வருகிறது.

பில்லையும் கொஞ்சம் பாருங்கள். 30 மீட்டர் ஒயர் என்று போட்டிருக்கிறது. நான் டேப் வைத்து அளந்தேன், சுற்றி வந்த சுற்றுக்குக்கூட 17 மீட்டர்தான். இரட்டை எல்.என்.பி. என்று ஒரு வரி, அதற்குத் தனிப் பணம். டிஷ்ஷில் இருப்பது பழைய ஒற்றை எல்.என்.பி.தான். பேரனை ஏற்றிப் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

"இவ்வளவு தெரிந்தவர் நீங்களே மாற்றிக்கொள்ளலாமே" என்றும் ஒருவர் கேட்டார். மாற்றலாம். ஆனால் இது நான் பணம் கட்டி உங்களிடம் வாங்கிய வேலை. தவிர, நான் கை வைத்தால் நாளைக்கு உத்தரவாதம் கிடையாது என்று நீங்களே சொல்வீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். பில்லில் உள்ளபடி இரட்டை எல்.என்.பி. மாட்டி, டிஷ்ஷிலிருந்து அம்மா அறைக்கு நேராகத் தனி ஒயர் இழுத்துத் தர வேண்டும். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சரிவாகப் போட வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் ஒயரோடு உள்ளே வரும். ஜாயிண்டுகளுக்கு உறை வேண்டும். இரண்டாவது இணைப்புக்கு ஐப்பசியிலிருந்து வாங்கிய மாதச் சந்தாவையும், போடாத ஒயருக்கு வாங்கிய பணத்தையும் திருப்பித் தர வேண்டும். இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று தானாக வரும் எஸ்.எம்.எஸ். பதிலாகாது. அப்படி ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பஸ் செலவு மட்டும்தான் எனக்கு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், வந்த அந்தத் தம்பி மேல் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம். வத்தலக்குண்டிலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி, ஒரே நாளில் பல வீடு முடித்துவிட்டு இறங்க வேண்டும் என்றார். கையில் இருந்ததை வைத்துத்தான் அவர் வேலை செய்தார். பையில் எல்.என்.பி. வைத்து அனுப்பாதது நீங்கள்.

அடுத்து வருகிறவரிடம் ஏணியும் கல் சுவருக்கான நீள டிரில் பிட்டும் கொடுத்து அனுப்புங்கள். மதியம் 2 மணிக்கு மேல் மூட்டம் இறங்கிவிடும், தளம் வழுக்கும். காலையிலேயே வரச் சொல்லுங்கள்.

இணைப்பு: பில் நகல், எல்.என்.பி. மற்றும் ஜாயிண்ட் படங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.