மீண்டுட்டோம் சரி, கால்வாய யாரு பாக்குறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

இந்த 2024 டிசம்பர்ல யாரப் பார்த்தாலும் மதுரை செல்லூர் ஆளுங்க கெட்டிக்காரங்க, வெள்ளத்துல அவ்வளவு பட்டும் ஸ்டார் கட்டி கிறிஸ்துமஸ் கொண்டாடுறாங்கன்னு பாராட்டுறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் கட்டபொம்மன் நகர் பக்கம் தையல் கடை வச்சிருக்கேன், எப்படி எந்திரிச்சோம்னு கொஞ்சம் எழுதலாம்னு தோணுச்சு.

அக்டோபர் 25, தீபாவளிக்கு ஒரு வாரம் கூட இல்ல, தைக்கிறவங்களுக்கு அதுதான் சீசன். அன்னிக்கு பெஞ்ச மழை ஏறக்குறைய 10 செ.மீ.ன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. செல்லூர் கண்மாய் நெறஞ்சு மறுகா போயி, அந்தத் தண்ணி போற பந்தல்குடி கால்வாய் தாங்காம, சாக்கடையும் சேந்து கடைக்குள்ள முழங்கால் அளவு வந்துருச்சு. ஓவர்லாக் மெஷின் மோட்டார் போச்சு. அத விடுங்க, கீழ் தட்டுல வச்சிருந்த கஸ்டமர் துணிதான் கொடுமை, ஒரு சுங்குடி சேலையோட செவப்பு சாயம் எறங்கி கிறிஸ்துமஸ் கவுனுக்குன்னு முன்னாடியே குடுத்து வச்ச வெள்ளை நெட் துணி பூரா திட்டுத் திட்டா ஏறிருச்சு, அஞ்சு தடவ அலசியும் போகல. போனாப் போகுது அக்கான்னு சொன்னவங்களும் இருக்காங்க, காசக் கேட்டு வாங்கிட்டுப் போனவங்களும் இருக்காங்க, அவங்களையும் தப்பு சொல்ல மாட்டேன், அவங்க வீட்டுலயும் தண்ணிதான.

மாடி வீட்டு பாய் அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுல நாலு குடும்பத்த மேல ஏத்திக்கிட்டாரு, ரெண்டு நாள் அவங்க வீட்டுச் சோறுதான். அடுத்த வாரமே பொம்பளைங்க குழு லோன் தவணைக்கு ஆள் வந்துட்டாங்க, கட்ட முடியாதவங்களுக்கு மத்த பொம்பளைங்க சேந்து போட்டாங்க. எதுல இருந்து போட்டாங்கன்னு நெனைக்கிறீங்க? செயினு, தோடு எல்லாம் அடகுக் கடைக்குப் போச்சு, இன்னிக்கு வரைக்கும் திரும்பல. கழுத்துல மஞ்சக் கயித்தோட சர்ச்சுக்கு வர்றவங்களப் பார்த்து மீண்டுட்டாங்கன்னு எழுதுறது எனக்கு ஒப்பல.

இதுக்கு நடுவுல நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் வந்து விழுப்புரம் பக்கத்தப் பொரட்டிப் போட்டுச்சு, மயிலத்துல ஒரே நாள்ல 51 செ.மீ.னு சொன்னாங்க. நம்ம பட்டது கண்ணுக்குள்ள நிக்குது பாருங்க, அதுனால கேரல் ரவுண்ட்ஸ் போன பசங்க வசூல் பண்ணுன காசுல சீரியல் லைட்டக் கொறச்சுட்டு அங்கிட்டு அனுப்பப் போர்வை வாங்குனாங்க. போர்வைதான் வேணும்னு சொன்னது எங்க தெரு பாட்டி ஒருத்தங்க, எலவம்பஞ்சு மெத்த நனைஞ்சா காயவே காயாது, நாறித்தான் போகும்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க வீட்டுல இன்னும் பாய்தான் விரிக்கிறாங்க. இந்த வருசம் அச்சு முறுக்கும் பாதி படிதான், ஆனா மாடி வீட்டுக்கு மட்டும் தட்டு நெறையப் போச்சு, அதுல கை வைக்க யாருக்கும் மனசு வரல.

சரி, விஷயத்துக்கு வாரேன். கண்மாய்த் தண்ணி வைகைக்குப் போக சிமென்ட் கால்வாய் கட்ட அரசு 11.9 கோடி ஒதுக்கிருக்கு, சந்தோசம். ஆனா அது கட்டி முடிக்கிற வரைக்கும் மழை காத்திருக்காது. வடக்க இருக்குற கண்மாய்த் தண்ணியெல்லாம் இங்கதான் வந்து சேருது, கால்வாய்ல ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் கெடந்தா அது எங்கிட்டுப் போகும், வீட்டுக்குள்ளதான் வரும். குப்பையக் கொட்டுறதுல எங்க ஆளுங்களும் இருக்காங்க, மறைக்கல. ஆனா தூர் வார்றது எங்க சோலி இல்லையே ஐயா.

வேலை எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியும்னு கால்வாய் ஓரத்துல ஒரு போர்டு எழுதி வைக்கச் சொல்லுங்க. கோடையிலயே ஒருக்கா, அடுத்த ஐப்பசிக்கு முன்னாடி ஒருக்கா தூர் வாரட்டும். அத உங்க நிருபர் நேர்ல வந்து பார்த்து படத்தோட போட்டா நல்லாருக்கும், வந்தா கடையில டீ உண்டு.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
செல்லூர், மதுரை.