வனஜாவுக்கு, மேகம் பத்தி

ஏட்டி வனஜா,

நாலு மாசமா ஒரு வரி எழுதல, திட்டணும்னா திட்டிக்கோ. மதினிக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு இப்ப கோயில் வரைக்கும் நடந்து போறாங்க, அம்மா உன் சின்னவனுக்குப் பல்லு முளைச்சிடுச்சான்னு கேக்கச் சொன்னாங்க, மீதி எல்லாம் சுகம்.

கடைசியா போன்ல நீ சொன்னது இன்னும் மனசுல கெடந்து அரிக்குது. கவிதை நோட்டெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டேன், பகல் பூரா மாத்திரைக்கு டெஸ்ட் ரிப்போர்ட் எழுதறவளுக்கு ராத்திரி கவிதை எங்கேருந்து வரும்னு கேட்ட. அதோட விட்டியா, இங்கிலீஷ் கவிஞர் கீட்ஸையும் துணைக்கு இழுத்த, வானவில்லையே அறிவியல் பிரிச்சுப் போட்டுடுச்சுன்னு அவரே பாடலையான்னு. அன்னைக்கு எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. இப்ப பதில் இருக்கு, முழுசாப் படிச்சிட்டுத்தான் வாயத் திறக்கணும்.

அக்கா மக பிரசவத்துக்கு லண்டன் போயிருந்தேன்ல, அப்ப ஒரு நாள் டாட்டன்ஹாம் பக்கம் நடந்துட்டிருந்தப்ப ஒரு பழைய வீட்டு சுவத்துல வட்டமா நீலப் பலகை ஒண்ணு பாத்தேன். லூக் ஹோவார்ட், 1772லருந்து 1864, "மேகங்களுக்குப் பேர் வச்சவர்", இங்கதான் வாழ்ந்தார் இங்கதான் இறந்தார்னு. அவ்வளவுதான் போட்டிருந்துச்சு. அப்படியே நின்னுட்டேன். கீற்று, திரள், படை, கார்னு மேகங்களோட பேர குண்டூசி டீச்சர் நம்மள பெஞ்சு மேல ஏத்தி ஒப்பிக்க வச்சாங்களே, நீ படையையும் திரளையும் மாத்திச் சொல்லி என்னையும் சேத்து மாட்டி விட்டியே, அந்த நாலு பேரும் இந்த மனுஷன் வச்சதுலருந்து வந்ததுதான்!

இப்ப கேளு, அவர் என்ன வேலை பாத்தார் தெரியுமா? மருந்து செய்யறது. உன் வேலைதான்டி. மருந்து தயாரிக்கிற கெமிஸ்ட், அதுலதான் சம்பாத்தியம், வானத்தப் பாக்கறது ஆசைக்கு. 1802 டிசம்பர்ல, முப்பது வயசுல, லண்டன்ல நண்பர்கள் கூடிப் பேசற ஒரு சின்ன சங்கத்துல தன் கட்டுரையப் படிச்சார். அதே வருஷம் பிரான்ஸ்ல லமார்க்ங்கற விஞ்ஞானியும் மேகத்துக்குப் பேர் வச்சிருக்கார், ஆனா பிரெஞ்சுல வச்சதால நிக்கல. ஹோவார்ட் வச்சது லத்தீன், அதனால எந்த நாட்டுக்காரனும் எடுத்துக்கிட்டான். மயிர்ச்சுருள் மாதிரி இருந்தா சிர்ரஸ், குவிஞ்சு கெடந்தா குமுலஸ், விரிச்சுப் போட்ட மாதிரி இருந்தா ஸ்ட்ராடஸ், மழை கொட்டறது நிம்பஸ்.

நீ என்ன சொல்லுவன்னு தெரியும், பேர் வச்சாச்சுன்னா அழகு போச்சுன்னு. உன் கட்சில ஒரு பெரிய ஆளே இருக்கார், மறைக்க மாட்டேன். ஜெர்மனில கவிஞர் கதே இந்த ஹோவார்டப் படிச்சிட்டுக் கிறுகிறுத்துப் போய், ஓவியர் ஃப்ரீட்ரிக்கிட்ட 1816ல, இந்த வகைப்படி மேகம் வரைஞ்சு குடுங்கன்னு கேட்டுவிட்டிருக்கார். அவர் முடியாதுன்னுட்டார். திரியற மேகத்த ஒரு ஒழுங்குக்குள்ள அடைச்சா இயற்கைய வரையறதுக்கே அடி விழும்ங்கறது அவர் பயம். அந்தப் பயத்த நான் லேசா எடுத்துக்கல, அவர் வரைஞ்ச மூடுபனியப் பாத்தவங்க யாரும் லேசா எடுத்துக்க முடியாது.

ஆனா ஹோவார்ட் செஞ்சது அடைக்கற வேலை இல்லடி, இதத்தான் உன்கிட்ட சொல்லணும்னு நாலு மாசமாத் தவிச்சேன். அவர் மேகத்த வகைன்னு சொல்லல, மாற்றம்னு சொன்னார். சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராடஸ்னு அடிப்படையா மூணு, நிம்பஸ் உட்பட மத்ததெல்லாம் ஒண்ணு இன்னொண்ணாகும்போது நடுவுல வர்ற கோலம், குமுலஸ் பரவி ஸ்ட்ராடஸோட சேரும், சிர்ரஸ் இறங்கித் தடிக்கும், எதுவும் ஒரு நிலைல நிக்காது. அதுக்கு முன்னாடி மேகம்னா நொடிக்கு நொடி கலையறது, அதப் பத்தி என்னத்தப் பேசன்னு விட்டுட்டாங்க. கலையறதுக்கும் ஒரு நடை இருக்குன்னு இவர் பாத்தார். கதே மயங்கினது அதுலதான், செடியில இலை எப்படிப் பூவாகுதுன்னு ஆராஞ்ச மனுஷன் இல்லையா அவர். ஹோவார்டுக்காக ஒரு கவிதையே எழுதி, அதுல ஒவ்வொரு மேகத்துக்கும் ஒரு பகுதி வச்சார். உங்க வாழ்க்கையப் பத்தி எழுதி அனுப்புங்கன்னு ஆள் மூலமாக் கேக்கவும், யாரோ விளையாடறாங்கன்னுதான் ஹோவார்ட் முதல்ல நினைச்சாராம், எனக்கு அந்த இடத்துல கண்ணு கலங்கிடுச்சு.

அப்புறம் இங்கிலீஷ் ஓவியர் கான்ஸ்டபிள். 1821, 22ல லண்டன் ஹாம்ப்ஸ்டெட் மேட்டுல உக்காந்து வெறும் வானத்த மட்டும் வரைஞ்சு தள்ளினார், படத்துக்குப் பின்னாடி தேதி, மணி, காத்து எந்தப் பக்கம்னு எழுதி வச்சார். உன் லேப் ரிஜிஸ்டர் மாதிரியே இல்ல? பின்னாள்ல ஒரு சொற்பொழிவுல ஓவியமும் ஒரு அறிவியல்தான், படங்கள் அதோட சோதனைகள்னே சொல்லிருக்கார்.

சரி, உன் கீட்ஸ். 1817 டிசம்பர் 28ல ஓவியர் ஹேடன் வீட்டு விருந்துல நியூட்டன் வானவில்லோட கவிதையக் கெடுத்துட்டார்னு கீட்ஸும் எழுத்தாளர் லாமும் சேந்து சொன்னது உண்மை. ஆனா அந்தக் கீட்ஸ் ஆஸ்பத்திரில படிச்சு 1816ல மருந்தாளுநர் லைசென்ஸ் வாங்கினவர். அதே வருஷம் கிரேக்கக் கவி ஹோமரோட மொழிபெயர்ப்பப் படிச்ச பரவசத்தச் சொல்ல எந்த உவமைய எடுத்தார்? புதுக் கோள் ஒண்ணு கண்ணுல நீந்தி வரும்போது வானம் பாக்கறவனுக்கு வர்ற சிலிர்ப்ப! 1781ல ஹெர்ஷல் யுரேனஸக் கண்டுபிடிச்சாரே, அதுதான், அந்த ஹெர்ஷலும் பாத் நகரத்துல ஆர்கன் வாசிச்சுப் பொழச்சவர். கீட்ஸோட கோபத்த மட்டும் எடுத்துக்கிட்டு இத விட்டுட்டா எப்படி?

வனஜா, உண்மையாச் சொல்றேன், எனக்கு பயமா இருக்கு. நீ எழுதாம விட்டதுல எனக்கு என்னமோ கொறஞ்ச மாதிரி இருக்கு. ஹாஸ்டல் மாடில கரண்ட் போனா நீ படிச்சுக் காட்டுவியே, அதுல அமிலம் பட்ட லிட்மஸ் பத்தி ஒண்ணு, எனக்கு இன்னைக்கும் மனப்பாடம், கெமிஸ்ட்ரி தெரியாதவ எழுதியே இருக்க முடியாது அத. நோட்ட பரண்லருந்து இறக்கு, ஏணி பிடிக்க ஆள் வேணும்னா பஸ் ஏறி வரேன்.

இங்க தென்காசில சாரல். சாயங்காலம் 5:40, காத்து மேற்கேருந்து, மலை தலை தெரியாமப் படை மேகம், தெக்க மட்டும் ஒரு திரள் வெள்ளையா எந்திரிச்சு இப்ப ஓரம் கலைஞ்சுட்டு இருக்கு.

ஓசூர்ல என்ன வானம்? மணியும் காத்தும் போட்டு அனுப்பு.

உன்
மீனா