கருவாட்டில் பூத்த ரோஸ்

கடலூர் முதுநகர்,
கார்த்திகை மாதம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே விட்டு விட்டு மழை. துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள், போட் எதுவும் கடலுக்குப் போகவில்லை.

நீ கேட்ட வஞ்சிரக் கருவாடு இந்தத் தடவை இல்லை, கோபித்துக்கொள்ளாதே. வழக்கமாக வாங்கும் கடையில் கையில் எடுத்தே பார்த்தேன். வயிற்று மடிப்பில் லேசாக ரோஸ் பூத்திருந்தது. விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. "கழுவி வெயில்ல போட்டா சரியாயிடும்மா" என்றார் கடைக்கார அக்கா. இந்த மாசத்தில் வெயிலுக்கு எங்கே போவது?

அந்த ரோஸ் பூஞ்சை இல்லை. உப்பிலேயே வாழும் ஆர்க்கியா என்கிற நுண்ணுயிர். உப்பளத்திலிருந்து உப்போடு கூடவே மீனுக்கு வந்துவிடுகிறது. மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈ.சி.ஆரில் போவோமே, கோடையில் உப்பு விளையும் பாத்திகளில் தண்ணீருக்குச் சிவப்பு ஏற்றுவது இந்த இனம்தான். சாதாரண பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் தண்ணீரை உப்பு உறிஞ்சிக் கொன்றுவிடும், அதை நம்பித்தானே மீனுக்கு உப்பு போடுகிறோம். இதுவோ வெளியே இருக்கும் சோடியத்துக்கு ஈடாகப் பொட்டாசியத்தைத் தன் உள்ளே நிரப்பிக்கொள்கிறது. அதன் புரதங்களும் கடும் உப்பில் மட்டுமே வேலை செய்கிற மாதிரி அமைந்தவை. நல்ல தண்ணீரில் போட்டால் அவ்வளவுதான், பெரும்பாலும் வெடித்துச் செத்துப்போகும். எங்கள் வீட்டுக்காரரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் நடக்கிற கதைதான். கடற்காற்று இல்லாமல் ஒரு ராத்திரி தாங்கமாட்டார்.

உன் பேத்தி கேட்டிருந்தாளே, எந்தச் சூழலுக்கும் பழகிக்கொள்கிற கிருமிகளில் ரொம்பக் கெட்டிக்காரி யார் என்று. பழகிக்கொள்வது என்றால் ஏதோ புதிதாகச் சேர்த்துக்கொள்வது என்று அவள் நினைக்கிறாள் போல. எனக்கென்னவோ, பாதிக் கதை இழப்பில்தான் இருக்கிறது என்று படுகிறது.

தொழுநோய்க் கிருமியையே எடுத்துக்கொள். பரிசோதனைக்குக் காது மடலைக் கிள்ளிப் பிடித்து, ரத்தம் வராமல் பிளேடால் கீறி, சுரண்டியதை ஸ்லைடில் தடவுவோம். கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை சூடு காட்டி, அமிலத்தில் கழுவி, மெத்திலின் நீலம் விடுவோம். லென்ஸில் பார்த்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள், கட்டுக் கட்டாக. கிருமி காது மடலைத் தேடிப் போனதற்குக் காரணம் அங்கே சூடு கம்மி. உடம்பின் 37 டிகிரி அதற்கு ஒத்துவராது. மூக்கு, விரல் என்று குளிர்ந்த இடமாகப் பார்த்து உட்காரும். 1873-இல் ஹான்சன் கண்டுபிடித்த கிருமி, இன்றுவரை எந்த ஆய்வகத் தட்டிலும் வளர்ந்ததில்லை. ஏன் என்பது 2001-இல் அதன் மரபணுத் தொகுதியை வாசித்தபோது விளங்கியது. காசநோய்க் கிருமிக்குச் சுமார் 4,000 மரபணுக்கள் இருக்க, இதற்கு வேலை செய்பவை 1,600 தான். இன்னும் 1,100-க்கும் மேல் செத்த மரபணுக்கள், பெயருக்கு அப்படியே கிடக்கின்றன. நரம்பைச் சுற்றியுள்ள செல்லுக்குள் எல்லாம் தயாராகக் கிடைக்கும்போது, சொந்தமாகச் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டிருக்கிறது. ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு நல்ல தீனி கிடைத்தால் இருபது நிமிடம் போதும்!

சேர்த்துக்கொள்வதும் உண்டு, மறுக்கவில்லை. ஜப்பானியர்கள் சுஷி சுற்றும் நோரி என்ற கடற்பாசியைச் செரிக்கும் மரபணு, அவர்களில் சிலரின் குடல் பாக்டீரியாவில் இருந்தது. 2010-இல் வந்த ஆய்வு. அது கடலில் பாசிமேல் வாழும் பாக்டீரியாவின் சொத்து. சாப்பாட்டோடு போய்க் கை மாறியிருக்கிறது. அதே ஆய்வில் பார்த்த வட அமெரிக்கர்களின் குடலில் அது இல்லை.

ஆனால் பேத்தியின் கேள்விக்கு என் ஓட்டு கடலடிச் சேற்றுக் கிருமிகளுக்குத்தான். தென் பசிபிக்கின் நடுவில், கரையிலிருந்து ஏறக்குறைய எதுவும் வந்து சேராத இடத்தில், சில ஆயிரம் மீட்டர் தண்ணீருக்கு அடியில் துளை போட்டு எடுத்த களிமண். அடிமட்டத்து மண்ணுக்கு வயது 10 கோடி வருஷம், டைனோசர் காலத்துப் படிவு. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்குக் கொஞ்சம் கார்பனும் நைட்ரஜனும் ஊட்டிப் பார்த்தார்கள். இருந்த செல்களில் பெரும்பாலானவை சாப்பிட ஆரம்பித்து, சில வாரங்களில் பெருகிவிட்டன. 2020-இல் வெளியிட்டார்கள். விதை மாதிரி ஓடு கட்டித் தூங்கும் வகை அங்கே பெரிதாக இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆக்சிஜன் துளித்துளியாகக் கசிந்து வருகிறது, தீனி இல்லவே இல்லை என்று சொல்கிற அளவு. அதற்குத் தக்கபடி செலவைக் குறைத்துக்கொண்டு இருந்திருக்கின்றன. அத்தனை காலம் கழித்தும் பழைய பசியை விட்டுவிடவில்லை பார். தொழுநோய்க் கிருமியால் இது ஆகாது.

இதைப் பேத்திக்கு வாசித்துக் காட்டு. அவள் வேறு யாருக்காவது ஓட்டுப் போட்டால் காரணத்தோடு எழுதச் சொல், சும்மா விடமாட்டேன். நாளைக்கு மழை விட்டால் நான் பேங்குக்குப் போகணும். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க இந்த மாசம்தான் கடைசி. நீ கொடுத்துவிட்டாயா?

உன்,
சரோஜா