கையெழுத்துப் போட்டவள்

ஸ்ரீரங்கம்
ஞாயிறு மாலை

அன்புள்ள எஸ்தர்,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. திட்டு. போனில் திட்டியது போதாது என்றால் எழுத்திலும் திட்டு. உன் வீட்டுக்காரருக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி ஆயிற்று. அவரை மாடிப்படி ஏற விடாதே. சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளில்லை அவர், ஏணியையே ஒளித்துவைக்க வேண்டியிருக்கும். பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா? உடன்குடிக் கருப்பட்டி வந்து சேர்ந்து பாதி தீர்ந்தும் விட்டது. சரி, நலம் விசாரிப்பு இதோடு போதும்.

அண்ணன் வந்த செய்தியைப் போனில் சொன்னேன். "கெட்ட குமாரன் திரும்பி வந்தான்னு சந்தோஷப்படுடி" என்று சொல்லிவிட்டு நீதான் அழுதாய். எனக்கு அழுகை வரவில்லை. அது ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

தை மாதக் கடைசி. மன்னி வாசலில் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தாளாம். ஆட்டோவிலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் இரண்டு வேட்டி, ஒரு இன்சுலின் டப்பா. "யாரு?" என்று கேட்டாளாம். அவன் பெயரைச் சொன்னானாம். கோலத்தை மிதிக்காமல் போகட்டும் என்று நகர்ந்து வழிவிட்டாளாம். முப்பத்திரண்டு வருஷத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

அவன் விட்டுப் போனபோது பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. அப்பளம் இட்டு, கல்யாண வீடுகளுக்கு முறுக்குச் சுற்றி மன்னி அவர்களைப் படிக்க வைத்தாள். சுற்றிச் சுற்றி அவள் வலது கட்டைவிரல் உள்பக்கமாக வளைந்தே போய்விட்டது, இப்போது நீட்டினாலும் நிமிராது. அந்தக் கையால்தான் இன்று அவனுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுக்கிறாள். அவன் திண்ணையில் கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறான். நெற்றியில் பளிச்சென்று திருமண். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே பாட்டு: "அவன் நடத்தினான், நான் நடந்தேன். நம்ம கையில என்ன இருக்கு?"

காபி டம்ளரை எடுத்து அவன் மேல் வீசிவிடலாம் போலிருந்தது, எஸ்தர்.

பகவான் நம்மைக் கரையேற்றுவது எப்படி என்று சொல்லும் எங்கள் பூனைக் கதை உனக்கு நினைவிருக்கும், ஹாஸ்டலில் ராத்திரி ராத்திரியாகச் சொல்லியிருக்கிறேன். குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வைணவத்தில் வடகலையார் முதலாவது என்பார்கள், தென்கலையாரான நாங்கள் இரண்டாவது. பிள்ளை லோகாசாரியர் வழியில் வந்த எங்கள் பெரியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். ஈன்ற பசு கன்றின் உடம்பில் இருக்கும் அழுக்கை நக்கிச் சுவைக்கிற மாதிரி, பகவான் தன் அடியானின் குற்றத்தையே விரும்பி ஏற்கிறான் என்பார்கள். வடகலையாரான வேதாந்த தேசிகர் வழியினர் அவ்வளவு தூரம் போவதில்லை, அவன் குற்றத்தைக் காணாமல் விடுகிறான் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சின்ன வயதிலிருந்து அந்தப் பசுவும் கன்றும் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! இப்போது அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து அதே வார்த்தைகளைச் சொல்லும்போது காது கூசுகிறது. நம்மால் நம்மைக் கரையேற்றிக்கொள்ள முடியாது என்று தெரிந்து கதறுகிறவனுக்குச் சொன்னது அது. பெண்டாட்டி பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டவன் தப்பித்துக்கொள்வதற்குச் சொன்னதில்லை. பூனைக்குட்டி யார் சொத்தையும் விற்றுவிட்டு ஓடவில்லை.

பங்குனியில் இங்கே ஒரு மண்டபத்தில் உபன்யாசம் நடந்தது. அன்றைக்கு அஜாமிளன் கதை. பாகவதத்தில் ஆறாம் ஸ்கந்தத்தில் வருகிறது. உனக்குத் தெரியாதே, சுருக்கமாகச் சொல்கிறேன். கன்னியாகுப்ஜத்தில் ஒரு நல்ல பிராமணன். ஒரு தாசியைப் பார்த்து மயங்கி, பெற்றவர்களையும் கட்டிய மனைவியையும் விட்டுவிட்டு அவளோடு போய்விடுகிறான். சூது, திருட்டு, பத்துப் பிள்ளைகள். எண்பத்தெட்டு வயதில் எமதூதர்கள் வந்து நிற்கும்போது பயத்தில் கடைசிப் பிள்ளையைக் கூப்பிடுகிறான், "நாராயணா!" என்று. அந்தப் பெயரைக் கேட்டு விஷ்ணுதூதர்கள் வந்து தடுக்கிறார்கள். இரண்டு தரப்பும் வாதாடுகிறது, எமதூதர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. இதற்கு முன்னால் எத்தனையோ தடவை நானும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்து முழுவதும் படித்தேன். அவன் பிழைத்து எழுந்ததும் வருந்துகிறான். கிழப் பெற்றோரை விட்டேனே, இளம் மனைவியை விட்டேனே என்று வாய்விட்டுச் சொல்கிறான். சொல்லிவிட்டு எங்கே போகிறான் தெரியுமா? கங்காத்வாரத்துக்கு, அதாவது ஹரித்துவாருக்கு. வீட்டுக்குப் போகவில்லை. அங்கே யோகத்தில் இருந்து உடலை விட்டு வைகுண்டம் போகிறான். அடுத்த அத்தியாயத்தில் எமதர்மராஜனே தன் ஆட்கள் செய்த தவறுக்காக மன்னிப்புக் கேட்கிறான், நாராயணனிடம். தீர்ப்புச் சொல்கிற எமன்கூட மன்னிப்புக் கேட்கிறான். அவன் விட்டுப் போன அந்த மனைவியிடம் யாருமே கேட்கவில்லை. அவளுக்குப் பெயர்கூட இல்லை.

மறுநாள் உபன்யாசகரிடம் போய்க் கேட்டேன். "அவளுக்கு அவள் கர்மா, மாமி" என்றார். நல்ல மனிதர், பிரசாதம்கூட எடுத்துக் கையில் கொடுத்தார். என்னால் வாயில் போட்டுக்கொள்ள முடியவில்லை.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. 1972, மறைக்கல்வி வகுப்பு. யாத்திராகமம் நடத்துகிறார்கள். நீ எழுந்து கேட்டாய்: "கர்த்தரே பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்றால் பார்வோன் மேல் என்ன தப்பு? எகிப்தில் செத்த தலைச்சன் பிள்ளைகள் மேல் என்ன தப்பு?" உட்கார் என்றார்கள். அன்று ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்திருந்தாய். நான் கொசுவலைக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய மேதாவி மாதிரி, "எங்க மதத்துல இந்தச் சிக்கலே கிடையாது, எல்லாம் அவங்கவங்க முன்வினை" என்றேன். உபன்யாசகர் சொன்ன அதே பதில்! இத்தனை வருஷம் கழித்து அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முன்வினை என்றால் அதற்கும் முன் எது, முதல் வினையை யார் செய்யவைத்தது என்று நீ திருப்பிக் கேட்டிருக்கலாம். அநாதி என்று சொல்லியிருப்பேன். அது கேள்வியைக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளிவைப்பதுதான் என்று இப்போது தெரிகிறது.

இனி, இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாத விஷயம்.

சனிக்கிழமைகளில் காலட்சேபத்துக்குப் போகிறேன், பிரம்மசூத்திரத்துக்கு எங்கள் உடையவர் ராமானுஜர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யம் நடக்கிறது. இரண்டாம் அத்தியாயம், மூன்றாம் பாதத்தில் நம் கேள்வியையே உடையவர் எடுத்துக்கொள்கிறார். ஜீவன் செய்வதெல்லாம் அவனாகச் செய்வதா, பகவான் செய்விப்பதா? ராமானுஜர் சொல்வது இது. முதல் முயற்சி ஜீவனுடையது. உள்ளே இருக்கிற பகவான் அதைப் பார்த்து அனுமதி கொடுக்கிறான். அனுமதி இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனாலும் பலன் முயன்றவனுக்கே. இதற்கு அவர் சொல்லும் உதாரணம் ஒரு பொதுச் சொத்து. இரண்டு பேருக்குப் பாத்தியமான சொத்தை ஒருவன் மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் மற்றவன் சம்மதம் வேண்டும். ஆனால் அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்கியவன் இவன்தானே? ஆகவே பலன் இவனைத்தான் சேரும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உள்ளங்கை ஜில்லிட்டுப் போயிற்று.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒன்பது மா நஞ்சை, அம்மா பெயரில் இருந்தது. அம்மாவுக்குப் பிறகு எனக்கும் அண்ணனுக்கும் பாத்தியம். 1992 ஆனியில் அவன் அதை விற்றான். என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சுவரெல்லாம் ஊர்ஜனம் மை துடைத்த விரல் தடம். எனக்குத் தெரியும், எஸ்தர். அவன் பணத்தை எடுத்துக்கொண்டு எங்கே போகப்போகிறான், யாரோடு போகப்போகிறான் என்று எனக்கு முன்பே தெரியும். மன்னிக்குத் தெரியாது என்று நினைத்தேன். பேனாவை மூடி திறந்து கையில் கொடுத்தார்கள். மாட்டேன் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல முடியும் என்று தெரிந்தே சொல்லவில்லை. விதி இழுத்ததா, பகவான் நடத்தினானா என்று யார் வேண்டுமானாலும் வாதாடட்டும், அந்தப் பேனாவைப் பிடித்திருந்த நிமிஷத்தில் எனக்கு இரண்டு வழியும் திறந்துதான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். இடது கட்டைவிரல் ரேகையும் வைத்தேன். மையைத் துடைக்க அண்ணன் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். என் பங்குப் பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டேன். இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டியது அதில்தான். ஆடி பிறப்பதற்குள் அவன் போய்விட்டான்.

உடையவர் சொன்ன கணக்குப்படி பலன் முழுக்க அண்ணனுக்குத்தான், கையெழுத்துப் போட்ட எனக்கு ஒன்றும் இல்லை. அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை, பகவானை நினைத்துச் சொன்னார். ஆனால் சம்மதம் கொடுத்தவள் மேல் ஒன்றும் ஒட்டாது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தெரிந்தே கொடுத்தேன், அதனால் எனக்குப் பங்கு உண்டு. எனக்கே உண்டென்றால், எல்லாம் தெரிந்தவன் ஒவ்வொன்றுக்கும் சம்மதம் கொடுத்துக்கொண்டிருக்கிறானே, அவனுக்கு?

மறுநாள் விடிகாலையில் உடையவர் சன்னதிக்குப் போனேன். வெளிப்பிராகாரத்தில் அவர் தானான திருமேனியாகவே, அதாவது தன் சொந்த உடம்போடேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்கள் நம்பிக்கை, வருஷத்தில் இரண்டு தடவை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்துவார்கள். கூட்டம் இல்லை. முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றேன். என்றைக்கும் இல்லாமல் அன்று கை கூப்ப வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வரவே இல்லை. இருக்கிறான் என்பதால்தான் இவ்வளவு கோபம். சித்திரகுப்தன் நம் கணக்கை எழுதட்டும், பரவாயில்லை. சம்மதித்தவன் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது?

நீ சொன்ன கெட்ட குமாரனை, அதுதான் பங்கை வாங்கிப் போய் அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பி வரும் இளைய மகன் கதையை, திரும்பப் படித்தேன், அன்றைக்கு நீ எனக்குக் கொடுத்த அந்தச் சின்ன பைபிளில். மூத்தவன் உள்ளே வரமாட்டேன் என்று கோபித்து நிற்பதைப் படித்து, இதோ நான் என்று நினைத்தேன். ஆனால் இந்தத் தடவை கண்ணில் பட்டது வேறு. முதலிலேயே, இளையவன் கேட்டதும் அப்பா ஆஸ்தியைப் பங்கிட்டுக் கொடுக்கிறார். அவரும் கையெழுத்துப் போட்டவர்தான், எஸ்தர்! அப்புறம் அவன் தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டு ஓடுகிறார். தினமும் அந்த வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத்தான் அவ்வளவு தூரத்தில் தெரியும். மூத்தவனிடமும் அவரே வெளியே வந்து கெஞ்சுகிறார். சம்மதம் கொடுத்துவிட்டுச் சும்மா உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் போதகர்கள் இதை எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த ஓட்டத்தைப் படித்தபோதுதான் அண்ணன் வந்த பிறகு முதல் தடவையாகக் கண்ணில் தண்ணீர் வந்தது.

படித்த கையோடு மன்னியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன், பணமும் வாங்கினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பரவாயில்லை என்பாள், பகவத் சங்கல்பம் என்பாள் என்று நினைத்தேன். அருவாமனையை மடக்கி வைத்தாள். "அவர் போவார்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் ரெட்டைவடச் சங்கிலியையாவது ஒளிச்சு வெச்சிருப்பேன். பெரியவளுக்கு அந்த வருஷம் பீஸ் கட்ட அதுதான் இருந்தது" என்றாள். குரல் உயரவே இல்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

பதினோரு நாள் ஆகிறது, என்னோடு பேசவில்லை. அவனுக்கு வழிவிட்டவள் எனக்கு விடவில்லை. அது நியாயம்தான் என்று என் மனசு சொல்கிறது. முப்பத்திரண்டு வருஷத்தில் நான் செய்ததை நான் செய்ததாகவே எடுத்துக்கொண்டு என் மேல் கோபப்பட்ட ஒரே ஆள் அவள். தினமும் பத்து மணிக்குப் போகிறேன். உளுந்து புடைக்கிறேன், அப்பளம் காயப்போடுகிறேன், வந்துவிடுகிறேன்.

நீ மூன்று மாதமாகச் சர்ச்சில் திருவிருந்து எடுக்கவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதி, காரணம் சொல்லாமல் கருப்பட்டி விலைக்குப் போய்விட்டாய். அந்த வரியை நான் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. என்ன நடந்தது? பார்வோன்தானா, வேறு ஏதாவதா? நீ நடத்திக் கொடுத்த ஞாயிறு பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், உனக்கு இப்படி ஆகிறதென்றால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ராத்திரி மாதிரி பதில் சொல்ல வரமாட்டேன், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்னொன்று, அன்று வகுப்பு முடிந்ததும் நீ உன் அப்பாவுக்குப் பார்வோனைப் பற்றி எழுதினாயே, அவர் என்ன பதில் போட்டார்? நீ சொல்லவே இல்லை. அந்தக் கடிதம் இருந்தால் எடுத்துவை.

ஆடிப்பெருக்குக்கு வா. வீட்டுக்காரரை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு வா. மன்னிக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும், உன்னிடம் பேசுவாள்.

அன்புடன்,
உன் ரங்கா