பில்லோடு ஒரு அரைத்தாள் கொடுங்கள்: கணினிக் கடைக்காரர்களுக்குத் திறந்த மடல்

நம் ஊர்க் கணினிக் கடை அண்ணாச்சிகளுக்கும், கவுன்ட்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் 22 வருடமாக டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பத்திரம், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று நாள் முழுக்கத் தட்டச்சுதான் வேலை. அதனாலேயே எங்கள் தெருவில் யார் கம்ப்யூட்டர் வாங்கப் போனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். பழுதானாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். அப்படி வந்த ஒரு லேப்டாப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு ஊர் ஊராகப் போய்ப் பாட்டிகளைப் பாடச் சொல்லி, தாலாட்டும் ஒப்பாரியும் போனில் பதிவு செய்துகொண்டு வருவார். போனில் இடம் நிறைந்ததும் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, போனில் இருப்பதை அழித்துவிடுவார். 2025 ஜூனில் புது லேப்டாப் வாங்கினார். எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார். ஆறு மாதத்தில் மதர்போர்டு போனது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் நீலத் திரை வந்து 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது.

இது உங்களில் பலருக்குத் தெரிந்த திரைதான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இருந்து, பெரும்பாலான புதுக் கணினிகளை மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்துத் தொடங்கினால், ஃபைலெல்லாம் இருக்கும் வட்டு (டிஸ்க்) தானாகவே பூட்டிக்கொள்கிறது. பூட்டின் சாவியான அந்த 48 இலக்கம் அந்தக் கணக்கில் போய்ச் சேரும். பூட்டு நல்லதுதான், லேப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பதை யாரும் எடுக்க முடியாது. ஆனால் போர்டு மாறினால், அதில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பும் மாறிவிடுகிறது. அப்போது சாவியைக் கேட்கும்.

டீச்சரின் கணக்கு எது என்று டீச்சருக்கே தெரியவில்லை. வாங்கிய அன்று கடையில் இருந்த தம்பி, சீக்கிரம் முடித்துக் கொடுப்பதற்காகத் தானே ஒரு மெயில் ஐடி உருவாக்கிப் போட்டிருக்கிறார். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். போனில் பிடித்துக் கேட்டோம். “அன்னைக்கு மட்டும் ஏழெட்டு சிஸ்டம் போட்டேன் சார், எதுவும் ஞாபகம் இல்லையே” என்றார். அவர் குரலிலேயே தெரிந்தது, உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மூன்று நாள் முயன்று பார்த்தேன். வட்டு நன்றாக இருக்கிறது, பாட்டெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, எடுக்க வழியில்லை. டீச்சர் என்னிடம் கோபப்படவே இல்லை. பாடிக் கொடுத்த பாட்டிகளில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை என்று மட்டும் சொன்னார்.

அண்ணாச்சி, இந்தக் காரியம் நடந்தது கவுன்ட்டரில், பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில். வாங்குகிறவரின் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ், யார் பெயரில், எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் அவருக்குத் தெரியாமலே முடிவாகிவிடுகிறது. “11 போட்டுரவா, 10 போதுமா?” என்று கேட்கிறீர்கள். அவருக்கு என்ன தெரியும்? “நீங்களே பாத்துப் போடுங்க” என்பார். அந்த நம்பிக்கைக்கு உரிய வேலையை நாம் செய்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் நானே 7ஆம் ஜென், அதாவது ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் உள்ள ஒரு ஐ3 கம்ப்யூட்டர் வாங்கினேன். “பத்து வருஷத்துக்கு அசையாது” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதில் தப்பே இல்லை, அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 2021 ஜூனில்தான் விண்டோஸ் 11ஐ அறிவித்தார்கள். குறைந்தது இன்டெலில் 8ஆம் ஜென், டிபிஎம் 2.0, 4 ஜிபி ராம் வேண்டும் என்று வரையறையும் வந்தது. ஒரு சில சிப் தவிர 7ஆம் ஜென் முழுக்க வெளியே நின்றுவிட்டது. பெட்டி நன்றாக ஓடுகிறது, வாசல்தான் மூடிவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறாத வருத்தம்தான். ஆனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வரையறை தெரிந்த பிறகும் நடப்பதுதான் வலிக்கிறது. ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட 6ஆம், 7ஆம் ஜென் பெட்டிகளைத் துடைத்து, தகுதிச் சோதனையைத் தாண்டவைக்கும் வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றி, “லேட்டஸ்ட் 11 இருக்கு” என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு விற்கிறீர்கள். பழைய பெட்டி விற்பது நல்ல காரியம். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் தகுதியில்லாத பெட்டிக்கு அப்டேட் வரும் என்று உறுதி கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. வருடா வருடம் வரும் பெரிய பதிப்பும் அதில் தானாக ஏறாது, மறுபடி யாராவது கையால் ஏற்ற வேண்டும். அந்த ஒரு வரியை அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு விற்றால் என்ன?

இதற்கு நேர் எதிரான கதையும் என் மேஜைக்கு வந்திருக்கிறது. தையல் கடை வைத்திருக்கும் ஒருவர், மகனுக்காக 2019இல் அசெம்பிள் செய்த பெட்டி. “இதுல 11 ஏறாது, புதுசுதான் வாங்கணும்” என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்களாம். நகைக்கடன் வாங்கலாமா என்று என்னிடம் கேட்க வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஐ5-9400. ஐந்துக்குப் பின்னால் வரும் 9தான் ஜென். அப்படியென்றால் தகுதி இருக்கிறது. கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போனால் பிடிடி என்று ஒரு வரி அணைந்து கிடந்தது. தனிச் சிப் இல்லாமலே இன்டெல் பெட்டிகளில் வரும் டிபிஎம் அதுதான். போர்டு கம்பெனிகள் பல அந்தக் காலத்தில் அதை அணைத்தே அனுப்பினார்கள். ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்று இருக்கும். உயிர்ப்பித்தேன். வட்டு பழைய முறையில் இருந்ததால், முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இதைத் தெரிந்துகொண்டே மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை, பார்க்காமல் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வீட்டு நகை அடகுக்குப் போயிருக்கும்.

புதுப் பெட்டியில் வரும் 11ஐ எடுத்துவிட்டு 10 போட்டுத் தருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. “10தான் ஸ்பீடு, பழைய பிரின்டரும் ஓடும்” என்று சொல்கிறீர்கள். பழைய பிரின்டர் கவலை எனக்கும் உண்டு. 64 பிட் டிரைவர் (பிரின்டரை ஓட்டும் மென்பொருள்) இல்லாத பிரின்டர் ஒன்று என் கடையிலேயே மூலையில் கிடக்கிறது, அது 32 பிட் விண்டோஸில்தான் ஓடும். 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆனாலும் 12ஆம் ஜெனில் இருந்து வரும் பல சிப்களில் வேலையைச் செய்யும் பகுதியான கோரில் பெரியது, சின்னது என்று இரண்டு வகை இருக்கிறது. எந்த வேலையை எதில் கொடுப்பது என்று 11க்குத்தான் சரியாகத் தெரியும். அதைவிட முக்கியம், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டில் பயன்படுத்துகிறவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் அதற்குக் காசும் இல்லை. பழைய பெட்டிக்கு இது நல்ல வழி, என் ஐ3க்கும் இதைத்தான் செய்தேன். புதுப் பெட்டியில் 10ஐப் போடுவது, காலாவதித் தேதி நெருங்கிவிட்ட பாலை வாங்கிக் கொடுப்பது போல.

ஆதரவு முடிந்தால் என்ன, ஓடத்தானே செய்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கிற ஓட்டையை அடைக்க மட்டும் யாரும் வரமாட்டார்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது, அந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே அடைப்பு வந்திருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. இன்றைக்கு இந்தப் பெட்டிகளில்தான் நம் ஆட்கள் நெட்பேங்கிங் போடுகிறார்கள், ஜிஎஸ்டி கட்டுகிறார்கள். அப்புறம், ஓசியில் ஆக்டிவேட் செய்ய நீங்கள் போடும் அந்தச் சின்ன ப்ரோகிராமுக்காக ஆன்டி வைரஸை அணைக்கிறீர்களே, அதைத் திரும்பப் போடாமல் அனுப்பிய பெட்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரிஜினல் வாங்க முடியாதவருக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுங்கள். 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. இணையம், கடிதம், கணக்கு என்று மட்டும் இருப்பவருக்கு அது போதும், என் மகள் அதில்தான் படிக்கிறாள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி எழுத்துருவுமாக வேலை செய்யும் என் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது. ஆகவேதான் முதலில் “என்ன வேலைக்கு?” என்று கேளுங்கள் என்கிறேன்.

தமிழில் வேலை செய்கிறவர் என்றால் இன்னும் ஒரு இரண்டு நிமிடம். லதா எழுத்துரு இப்போது விண்டோஸோடு நேரடியாக வருவதில்லை, விருப்பக் கூறுகளில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்று தனியாக இருக்கிறது. அதை இறக்காமல் கொடுத்தால், பத்து வருடமாக லதாவில் அடித்து வைத்த கடிதமெல்லாம் வேறு எழுத்தில் திறந்து, வரி உடைந்து, பக்கம் தாண்டிப் போய் நிற்கும். “புது கம்ப்யூட்டர் என் ஃபைலையெல்லாம் கெடுத்துருச்சு” என்று ஒரு பெரியவர் என் கடையில் வந்து கலங்கிப்போய் நின்றார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பில்லோடு ஒரு அரைத்தாள் கொடுங்கள். சிப் எந்த ஜென், எந்த விண்டோஸ், ஒரிஜினலா இல்லையா, எந்தத் தேதி வரை அப்டேட் வரும் என்று அதில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் வாங்குகிறவரின் சொந்த போன் நம்பரில் மெயில் ஐடியை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். அந்த 48 இலக்கத்தை அதே தாளில் எழுதி, வீட்டில் பத்திரம் வைக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கடையில் நகல் வைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டமான நாளில் இது கஷ்டம் என்று தெரியும். தீபாவளி வாரத்தில் என் கடையிலும் நிற்க நேரம் இருக்காது. ஆனாலும் பத்திரத்தில் ஒரு சர்வே நம்பரை நான் சரிபார்க்காமல் விட்டதில்லை.

தாளின் மாதிரி ஒன்றை நானே தமிழில் அடித்து வைத்திருக்கிறேன். உங்கள் கடைப் பெயரும் போன் நம்பரும் சொன்னால், மேலே போட்டு முதல் நூறு தாளைக் காசு வாங்காமல் அச்சடித்துத் தருகிறேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 9 மணியில் இருந்து கடையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டை டிடிபிக்காரன்