ரிட்ரீவர்களுக்கும், சுண்டல் தந்த அண்ணிக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

அமெரிக்காவின் மேரிலண்டில் இருக்கும் நம் யு.எம்.பி.சி. பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி, ரிட்ரீவர்களின் சீசன் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கேன்சஸ் ஸ்டேட்டிடம் 43-50 என்று தோற்றோம். 'தோற்றோம்' என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஜனவரியில் ஆல்பனி அணி நம் யு.எம்.பி.சி. பையன்களை 83-39 என்று புரட்டி எடுத்தபோது, "உங்க டீம் ஊத்திக்கிச்சா?" என்று நக்கலடித்தவன் நான். அதற்கு முதலில் மன்னிப்பு.

பயிற்சியாளர் ரையன் ஓடமுக்கு நன்றி. அவர் வருவதற்கு முந்தைய சீசனில் அணி வென்றது 7 ஆட்டம். இந்த 2017-18 சீசனில் 25. ஆட்டக்காரர் ஜைரஸ் லைல்ஸுக்கு நன்றி. பட்டம் வாங்கிய கையோடு வேறு அணிக்குப் போயிருக்கலாம், போகவில்லை. வெர்மான்ட் பல்கலைக்கழக அணியிடம் வரிசையாக 23 முறை தோற்றிருந்தோம். மார்ச் 10 அன்று அவர்கள் ஊரிலேயே, ஒரு நொடிகூட மீதமில்லாத நேரத்தில் தூரத்திலிருந்து போட்டார் பாருங்கள் ஒரு மூன்று புள்ளி! 65-62. அந்த ஷாட் விழாவிட்டால் தேசியப் போட்டிக்கே போயிருப்போமோ என்னவோ.

அப்புறம் எங்கள் கோயம்புத்தூர் அண்ணா. "கபடியில ரெய்டுக்கு முப்பது செகண்ட் இருக்குல்ல, இதுல ஷாட் போட முப்பது செகண்ட்" என்று ஒரே வரியில் எனக்கு ஆட்டத்தைப் புரியவைத்தவர். 16ஆம் தேதி இரவு தேசியப் போட்டியில் வர்ஜீனியாவுடன் ஆட்டம். எங்கள் பிரிவின் பதினாறு அணிகளில் அவர்கள் முதல் தரவரிசை, நாம் கடைசி, பதினாறு. 1985 முதல் ஆண்கள் போட்டியில் அப்படி மோதிய 135 முறையும் பதினாறுதான் தோற்றது. பாதி ஆட்டத்தில் 21-21. நல்ல மரியாதையான தோல்வி என்று நினைத்துத் தூங்கப் போனேன். போர்வையை உருவிய அறைத்தோழனுக்கு நன்றிடா.

எழுந்து வந்தால், நம் அணியின் ஐந்தடி எட்டங்குல மௌரா நெட்டைகளின் கைக்கடியில் புகுந்து போய்க்கொண்டிருக்கிறார். என் உயரம்தான்! லைல்ஸ் போட்ட 28 புள்ளிகளில் 23 அந்த இரண்டாம் பாதியில் வந்தவை. ஒரு முழு ஆட்டத்துக்கே சராசரியாக 54 புள்ளிக்கு மேல் விட்டுக்கொடுக்காத வர்ஜீனியாமேல் அந்த ஒரு பாதியிலேயே 53. முடிவு 74-54. அண்ணா எதுவும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரிட்ரீவர் ஒரு நாய் இனம், நம் அணியின் சின்னம். வளாகத்தில் இருக்கும் அதன் சிலையின் மூக்கைத் தடவினால் ராசி என்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் யாரும் பார்க்காதபோது நானும் தடவினேன். சரி, அதற்கும் ஒரு நன்றி.

கீழ் வீட்டு அண்ணனுக்கு, நள்ளிரவில் நாங்கள் குதித்த குதிக்குக் கதவைத் தட்டாமல் இருந்ததற்கு. அண்ணி, உங்கள் சுண்டல் பாத்திரம் எங்களிடம்தான் இருக்கிறது. மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்ததும் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
மாடி வீட்டுப் பையன்