ஈரக் கைலியும் பிளாஸ்டிக் கவரும்: குமரி மாவட்டப் புலனாய்வு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

கல்குளம் தாலுகாவில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சம்பவ இடத்தில் போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜர்கள் எத்தனையோவற்றில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒன்று இன்றைக்கும் என்னை விடவில்லை.

ஒரு பையனைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்ற வழக்கு. ரப்பர் தோட்டத்து ஓடையோரம் உடல் கிடந்தது. ஐப்பசி மழை. ரத்தம் தோய்ந்த கைலியை எடுத்த காவலர், சொட்டச் சொட்ட அப்படியே ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டினார். ரத்தக்கறைத் துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டு, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துபோகும். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். துணி ஆய்வகம் போய்ச் சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

அறிக்கையில் ஒரே வரி: மனித ரத்தம், வகை கண்டறிய இயலவில்லை. எதிரிகளின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களின், வக்கீல் கூண்டில் என்னைக் கேட்டார்: "முத்திரை வைத்ததைப் பார்த்தீர்களா? எத்தனை முத்திரை? யாருடைய முத்திரை?" பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன். சந்தேகத்தின் பலன் எதிரிகளுக்குப் போனது. கோர்ட் வராந்தாவில் அந்தப் பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது எனக்க மோனுக்க ரத்தம் இல்லியாமே சாரே?" என்று கேட்டார்.

அந்த விடுதலை தவறு என்று சொல்ல வரவில்லை. அந்தக் கைலியை வைத்து ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பியிருந்தாலும் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. அவர்கள் செய்தார்களா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என் வேதனை அதுதான்.

2012இல் டெல்லியில் ஓர் இளம்பெண் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில், மாதிரிகள் 11 நாள் காவல் நிலையத்திலேயே கிடந்ததைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், தூக்குத் தண்டனை பெற்றிருந்த மூவரை 2022 நவம்பரில் விடுவித்தது. நம் தேனி மாவட்டத்துச் சுருளி அருவிப் பக்கம் 2011இல் நடந்த இரட்டைக் கொலையிலும் டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்ட விதம்தான் கேள்விக்குள்ளானது. மரண தண்டனைக் கைதி 2025 ஜூலையில் விடுதலையானார். அந்தத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டிருக்கிறது: மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். விசாரணை நீதிமன்ற அனுமதியின்றி உறையைப் பிரிக்கக் கூடாது. எடுத்த நாள் முதல் வழக்கு முடியும்வரை அது யார் யார் கையில் இருந்தது என்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து சென்னை ஆய்வகத்துக்கு ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம்தான். நாட்களைத் தின்பது தூரம் இல்லை. கைப்பற்றிய பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம் 95 எழுத, கோர்ட்டில் ஒப்படைக்க, கடிதம் வாங்க, கொண்டுபோக ஒரு காவலர் கிடைக்க என்று பொட்டலம் காத்துக் கிடக்கிறதே, அந்தக் காத்திருப்புதான்.

இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் இது. ஒவ்வொரு நிலையத்திலும் துணி உலர்த்தப் பூட்டிய ஓர் அறை ஒதுக்குங்கள். அரக்கு ஆறும்வரை மகஜர் சாட்சியை நிற்க வையுங்கள். முத்திரையின் அச்சை மகஜரிலேயே பதியுங்கள். உச்ச நீதிமன்றம் சொன்ன பதிவேடு உங்கள் நிலையத்தில் இருந்தால், அடுத்த மகஜருக்கு வரும் கிராம நிர்வாக அலுவலரிடம் அதைத் திறந்து காட்டிவிட்டு, பிறகு கையெழுத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
தக்கலை.